குறியும் சோதனையும்: கண்டித் தேயிலைப் பெட்டியிலிருந்து பட்டைக்குறி வரை

ஒரு பொருளை ஆக்குவோரும் அதனைக் கொள்வோரும் ஒருவரையொருவர் காணாதவிடத்து, அவ்விரு சாராருக்கும் இடையே நின்று பேசுவது அப்பொருளின்மீது இடப்பட்ட குறியேயாகும். பானையோட்டிற் கீறிய எழுத்து, நாணயத்திற் பதித்த இலச்சினை, கப்பற் சரக்கில் எழுதிய வணிகன் அடையாளம் ஆகியன வரலாற்றாசிரியரால் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின் இட்ட குறி சரியாக அமைந்துள்ளதா என எவர் சோதித்தார், எவ்விடத்திற் சோதித்தார், எதனை அளவுகோலாகக் கொண்டார் என்னும் வினாக்கள் அத்துணை கவனத்தைப் பெறவில்லை. இன்று கடைகளிலே ‘பார்கோட்’ என வழங்கும் பட்டைக்குறியின் வரலாறு பெரும்பாலும் இவ்வினாக்களின் வரலாறேயாம். அதனை விளங்கிக்கொள்வதற்குக் கண்டியிலும் அதன் சூழலிலும் தேயிலை கடந்துவந்த பாதை நல்லதொரு தோற்றுவாயாக அமைகின்றது.

கண்டியின் பொருளாதார வரலாற்றில் 1867ஆம் ஆண்டு இருவகையிற் குறிப்பிடத்தக்கது. கொழும்பிலிருந்து கண்டிக்கான புகையிரதப் பாதை அவ்வாண்டிலேயே திறக்கப்பட்டது. தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கர் நிலத்திற் தேயிலையை வணிகப் பயிராக நட்டதும் அவ்வாண்டிலேயாம். ஈராண்டுகளின் பின் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கிற்று. அந்நிலம் படிப்படியாகத் தேயிலைக்கு மாறியது. 1873இல் இலண்டனுக்குச் சென்ற தேயிலை 23 இறாத்தல் மட்டுமே. 1883 யூலை 30ஆம் நாள் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. அதன்பின் தோட்டத் தொழிற்சாலையிற் பெட்டியில் அடைக்கப்பட்ட தேயிலை, அதனை ஆக்கியோர் ஒருபோதும் காணாத தரகர், கொள்வனவாளர், கலப்போர் எனப் பலர் கைமாறிச் செல்லலாயிற்று.

இந்நெடும் பயணத்திற் பெட்டியுடன் சென்றது அதன்மீது துளைத்தகட்டை வைத்து மைபூசிப் பதித்த எழுத்துகளே. தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், பெட்டியின் எண், நிறை ஆகியன அதில் இடம்பெற்றன. இக்குறியைச் சோதிப்பதற்குத் தனிக் கருவியெதுவும் தேவைப்படவில்லை. கண் போதுமானதாக இருந்தது. ஆனால் கண் தனித்து வாசிப்பதில்லை. ஹந்தானை என்னும் பெயரில் ஓரெழுத்து மை பரவி மறைந்திருப்பினும், அப்பெயரை முன்னரே அறிந்த பண்டசாலை எழுதுவினைஞர் மறைந்ததைத் தம் அறிவினால் நிரப்பிக்கொள்வார். ஐயமெழின் ஏட்டைப் புரட்டுவார். பக்கத்துப் பெட்டியை நோக்குவார். குறியின் குறைகளை வாசிப்போர் தம் செலவிற் திருத்திக்கொண்டமையாற் குறியின் தரம் என்றொரு பிரச்சினை எழவேயில்லை. பெட்டியினுள் இருந்த தேயிலையோ அவ்வாறு விடப்படவில்லை. தரகர் மாதிரி எடுத்து, நீரிலிட்டுச் சுவைத்துப் பார்த்தே விலை மதித்தார். உள்ளடக்கத்திற்கு நுணுக்கமான சோதனை, மேற்குறிக்கோ கண்ணோட்டம் என்பதே அக்காலத்து நடைமுறை எனலாம்.

அதே மலைநாட்டிற்கு வந்த மனிதர்மீதும் ஒரு குறி இடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரத்துண்டு முறையை ஈண்டு நோக்குதல் தகும். தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டச் சென்ற கங்காணியிடம் தோட்டத்திற்குரிய தகர வில்லைகள் கொடுத்தனுப்பப்பட்டன. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும், ஆளைக் குறிக்கும் எண்ணும் அவற்றிற் பொறிக்கப்பட்டிருந்தன. தொழிலாளர் அதனைக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்து வந்தனர். வழியிலுள்ள அலுவலர் அவர்தம் பெயரையோ ஊரையோ வினவ வேண்டியதில்லை. வில்லையை வாசித்து உரிய தோட்டத்திற்கு அனுப்பிவைத்து, வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதினால் அமையும். முந்திய தலைமுறையினர் மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்து வந்த காலத்தில் இல்லாத ஒழுங்கு இது என்பதை மறுக்க இயலாது. எனினும் அணிந்தோருட் பெரும்பாலோர்க்கு அவ்வெழுத்து வாசிக்கத் தெரியாத எழுத்து. தம் கழுத்திற் தொங்கிய குறி சரியானதா என்பதைச் சோதிக்கும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை. சுமப்பவர் ஒருவர், இட்டவர் வேறொருவர், வாசிப்பவர் மூன்றாமவர். பிழை நேரின் அதன் விளைவு முதலாமவரைச் சாரும். இம்முக்கோணம் பின்னர் வந்த பட்டைக்குறியிலும் மீண்டும் தோன்றுவதைக் காணலாம். ஆனால் அங்கே சுமப்பது பொருள் மட்டுமே என்பதால் ஒப்புமையை அதற்குமேல் நீட்டுவது பொருந்தாது.

வாசிப்பவரின் இடத்தில் இயந்திரம் வந்தமர்ந்தபோதே குறியின் தரம் தனிப்பெரும் வினாவாயிற்று. 1948இல் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், உணவுக் கடைத் தொடரொன்றின் தலைவர் விற்பனைப் பொருள்களின் விவரங்களைத் தாமாகவே பதிவுசெய்யும் முறையொன்றைக் கண்டறியுமாறு திரெக்செல் கல்விநிறுவனத்தின் பீடாதிபதியிடம் வேண்டினார். அவ்வுரையாடலைச் செவிமடுத்த பேர்ணாட் சில்வர் என்னும் மாணவர் அதனைத் தம் நண்பர் நோமன் ஜோசப் வூட்லண்டிடம் கூறினார். மியாமிக் கடற்கரை மணலில் மோர்ஸ் குறியின் புள்ளிகளையும் கோடுகளையும் கீழ்நோக்கி நீட்டி வரைந்த வேளையிலேயே வூட்லண்டுக்கு இக்கருத்து உதித்தது. 1949இல் விண்ணப்பித்த காப்புரிமை 1952 ஒக்டோபர் 7ஆம் நாள் வழங்கப்பட்டது. இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்ததும் அவ்வாண்டிலேயே என்பது வெறும் தற்செயலாயினும், இரண்டின் வயதையும் ஒருங்கே நினைவில் வைக்க உதவும்.

நேர்கோட்டு வடிவத்துடன் ஒருமைய வட்டங்களாலான வடிவமும் அக்காப்புரிமையிற் கூறப்பட்டிருந்தது. எத்திசையிலிருந்தும் வாசிக்கத்தக்கது என்பதால் வட்ட வடிவம் முதலில் விரும்பப்பட்டது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1972இல் சின்சினாட்டியிலுள்ள கடையொன்றில் அதனைப் பரீட்சித்தது. அங்கே இடையூறு அச்சகத்திலிருந்து வந்தது. அச்சு இயந்திரத்திலே தாள் ஓடும் திசையில் மை இழுபடுவது இயல்பு. வட்டத்தின் ஒரு பக்கம் அவ்வாறு இழுபட்டதும் குறி வாசிக்க இயலாததாயிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் லோரர் நேர்கோடுகளைத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். கோடுகள் ஓடும் திசையிலேயே மை இழுபடின் கோடு சற்று உயரமாகுமேயன்றி அதன் அகலம் கெடாது. இன்று உலகெங்கும் காணப்படும் வடிவத்தைத் தீர்மானித்ததில் கணிதத்திற்கு உள்ள பங்கினுங் குறையாத பங்கு அச்சுமையின் ஒழுக்கத்திற்கு உண்டு. லோரரின் வடிவம் 1973 ஏப்பிரலில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1974 யூன் 26ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்து டிரோய் நகரின் மார்ஷ் அங்காடியில் ஒரு சுவிங்கம் பொதி முதன்முதலாக வாசிக்கப்பட்டது. 1977இல் ஐரோப்பிய எண் அமைப்புத் தோன்றியது. அவ்வமைப்பின் வழிவந்த 13 இலக்க எண்ணில் இலங்கைக்குரிய முன்னிலக்கம் 479, இந்தியாவுக்குரியது 890.

இப்பட்டைக்குறியின் உடலமைப்பை அறிந்தாலன்றி அதன் சோதனையை விளங்குதல் அரிது. ஓர் அடிப்படை அலகின் மடங்குகளாகவே எல்லாக் கோடுகளும் இடைவெளிகளும் அமைகின்றன. நியம அளவில் அவ்வலகு 0.33 மி.மீ. ஆகும். கோடுகள் நிறைந்த பகுதி 95 அலகு அகலமுடையது. இடப்புறம் 11 அலகும் வலப்புறம் 7 அலகும் வெற்றிடமாக விடப்படல் வேண்டும். ஆக மொத்தம் 113 அலகு, அஃதாவது 37.29 மி.மீ. ஒவ்வோர் இலக்கமும் 7 அலகினுள் இரு கோடுகளாலும் இரு இடைவெளிகளாலும் எழுதப்படுகின்றது.

மை தாளிற் பரவும்போது கோடு தடித்து இடைவெளி மெலியும். 0.33 மி.மீ. கோடு 0.43 ஆனால், அதன் பக்கத்திலுள்ள ஓரலகு இடைவெளி 0.23 ஆகிவிடும். இதனை எதிர்பார்த்தே அமைப்பை வகுத்தோர், கோட்டின் அகலத்தை மட்டும் அளவாது ஒரு கோட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்த கோட்டின் தொடக்கம் வரையுள்ள தூரத்தை அளந்து இலக்கத்தை அறியுமாறு செய்தனர். எல்லாக் கோடுகளும் ஒரே அளவிற் தடித்தால் அத்தூரம் மாறாது. ஆயினும் இவ்வுபாயம் எல்லா இலக்கங்களுக்கும் போதியதன்று. 1, 7 ஆகிய இரண்டும் இத்தூரங்களில் ஒத்தவை. அவ்வாறே 2, 8 ஆகியனவும். இவற்றைப் பிரித்தறியக் கோட்டின் அகலத்தையே நாட வேண்டியுள்ளது. மை மிகப் பரவிய அச்சில் 1 என்பது 7 என மயங்குவதற்கான வாயில் இதுவே.

மயக்கத்தைத் தடுப்பதற்கு இறுதி இலக்கம் காவலாக நிற்கின்றது. எடுத்துக்காட்டுக்காக 479012345678 என அடுக்கிய 12 இலக்கங்களைக் கொள்வோம். ஒற்றையிடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 29. இரட்டையிடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 27, அதன் மும்மடங்கு 81. இரண்டும் சேர 110. அது பத்தின் மடங்காதலால் 13ஆம் இலக்கம் 0 ஆகின்றது. இடையில் ஓர் இலக்கம் பிழையாக வாசிக்கப்படின் கூட்டுத்தொகை பத்தின் மடங்காக அமையாது. இயந்திரம் அதனை மறுத்துவிடும். இதனைக் கொண்டு ‘சோதனை இலக்கம் இருக்கையில் வேறு சோதனை எதற்கு?’ என வினவுவோர் உளர். சோதனை இலக்கம் பிழையான வாசிப்பைத் தடுக்குமேயன்றி, வாசிக்க இயலாத குறியை வாசிக்கச் செய்யாது. எண்ணின் செம்மை வேறு, அச்சின் செம்மை வேறு.

தொடக்க ஆண்டுகளில் அச்சின் செம்மையைக் காப்பதற்கு இரு வழிகள் கையாளப்பட்டன. முதலாவது, மை பரவும் அளவை முன்கூட்டியே கழித்துக் கோடுகளை மெல்லியனவாக அமைத்த மூலப் படச்சுருளை அச்சகத்திற்கு வழங்குதல். இரண்டாவது, அச்சிட்ட குறியின் கோடுகளை உருப்பெருக்கியில் அளந்து, கோட்டுக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாட்டை விகிதமாகக் கணித்து, ‘ஏற்கலாம்’ அல்லது ‘ஏற்கலாகாது’ எனத் தீர்ப்பளித்தல். இத்தீர்ப்பு அனுபவத்தோடு அடிக்கடி முரண்பட்டது. தள்ளப்பட்ட குறிகள் கடையில் தடையின்றி வாசிக்கப்பட்டன. ஏற்கப்பட்டவை சில தவறின.

முரண்பாட்டின் வேர்களுள் ஒன்று அந்த விகிதத்திலேயே இருந்தது. வெண்தாள் ஒன்று தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டையும், அதன்மேலுள்ள மை 20 விழுக்காட்டையும் தெறிப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 60, அதனைத் தாளின் 80ஆல் வகுத்தால் முக்கால். இனி, பழுப்பு அட்டை 40 விழுக்காட்டையும் அதன்மேலுள்ள மை 10 விழுக்காட்டையும் தெறிப்பின் வேறுபாடு 30. அதனை 40ஆல் வகுத்தாலும் முக்காலே. பழைய கணக்கு இரண்டையும் சமமாக மதித்தது. வாசிக்கும் கருவிக்கோ இரண்டாவதிலிருந்து கிடைக்கும் சமிக்ஞை முதலாவதின் பாதியே.

1990இல் ஐக்கிய அமெரிக்கத் தேசிய நியமமாக வெளிவந்த புதிய முறை இவ்விடத்திற் திருப்புமுனையாயிற்று. வாசிக்கும் கருவி எவ்வாறு குறியைக் காண்கின்றதோ அவ்வாறே சோதிக்கும் கருவியும் காணவேண்டும் என்பது அதன் அடிப்படை. குறியின் குறுக்கே ஒளிப்புள்ளி ஒன்றைச் செலுத்தி, தெறிக்கும் ஒளியின் ஏற்றவிறக்கத்தை ஒரே வளைகோடாகப் பதிவுசெய்து, அவ்வளைகோட்டிலிருந்தே எல்லா அளவைகளும் பெறப்படுகின்றன. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாடு விகிதமாகவன்றி வேறுபாடாகவே கொள்ளப்படுகின்றது: 70 விழுக்காட்டுக்கு மேற்படின் முதற்றரம், 55, 40, 20 என்பன அடுத்தடுத்த படிகள். முற்கூறிய வெண்தாள் இரண்டாம் தரத்தையும் பழுப்பு அட்டை நான்காம் தரத்தையும் பெறும். மெல்லிய இடைவெளிகளில் வளைகோடு எவ்வளவு உயர்கின்றது, கோட்டினுள் வெண்புள்ளியோ இடைவெளியில் மைப்புள்ளியோ எவ்வளவு குறுக்கிடுகின்றது, அகலங்கள் மயங்கும் எல்லைக்கு எவ்வளவு அண்மையில் உள்ளன என்பனவும் அவ்வாறே 4 முதல் 0 வரை தரமிடப்படுகின்றன. இவற்றுள் மிகத் தாழ்ந்ததே அவ்வோட்டத்தின் தரமாகும். குறியின் உயரத்தில் வெவ்வேறு இடங்களிற் பத்து ஓட்டங்கள் செலுத்தி அவற்றின் சராசரியைக் குறியின் தரமாக அறிவிப்பர். 2000ஆம் ஆண்டில் இம்முறை சிற்சில மாற்றங்களுடன் அனைத்துலக நியமமாயிற்று. கடைப் பொருள்களின் குறிக்கு 1.5 என்பது பொதுவான கீழெல்லை.

ஓர் ஓட்டத்தினுள் மிகத் தாழ்ந்ததைக் கொண்டு, ஓட்டங்களுக்கிடையிற் சராசரி கொள்வது முரணாகத் தோன்றலாம். ஒன்பது ஓட்டங்கள் 3 பெற்று ஒன்று 0 பெற்றாலும் சராசரி 2.7 ஆகிவிடுகின்றதே என்பர். கோடுகளுக்கு உயரம் கொடுக்கப்பட்டதன் காரணத்தை நினைவுகூர்ந்தால் முரண் நீங்கும். ஒரே செய்தி உயரம் முழுவதிலும் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டுள்ளது. கடையிலுள்ள கருவி அதனைப் பல இடங்களில் வாசித்துப் பார்க்கின்றது. ஓரிடம் சிதைந்தால் மற்றோரிடம் உதவும். ஆனால் ஓரிடத்து ஓட்டத்தினுள் ஒரு பண்பு முற்றாகத் தவறின் மற்றப் பண்புகள் அதனை ஈடுசெய்ய முடியாது. இந்நியமத்தை வகுத்தோரின் அறிவுத்திறன் இங்கேதான் புலப்படுகின்றது.

தேயிலைப் பொதிகளுக்கு இச்சோதனை தனிப்பட்ட முக்கியத்துவமுடையது. கடைக் கருவிகளுட் பெரும்பாலானவை செந்நிற ஒளியாலேயே வாசிக்கின்றன. சோதனையும் ஏறக்குறைய 660 நனோமீற்றர் அலைநீளச் செவ்வொளியிலேயே நடைபெறுகின்றது. அவ்வொளியிற் செந்நிறக் கோடு வெண்மையாகவே தோன்றும். தேயிலைப் பெட்டிக்கு விரும்பப்படும் சிவப்பையும் பொன்னிறத்தையும் எண்ணிப் பார்த்தால் இடர் விளங்கும். வெண்தாளிற் சிவப்பில் அச்சிட்ட குறி மனிதக் கண்ணுக்கு மிகத் தெளிவாயிருந்தும் கருவிக்கு வெற்றுத்தாள். மாறாகச் சிவப்புப் பின்னணியிற் கரிய கோடுகள், கண்ணுக்கு மங்கலாயினும், கருவிக்கு நன்கு புலனாகும். பளபளக்கும் உலோகத்தாளோ ஒளியைக் கண்ணாடிபோல் ஒரு திசையிலே திருப்பிவிடுதலால், வெளிறியதாக இருக்கவேண்டிய பின்னணி இருண்டுவிடுகின்றது. பண்டசாலை எழுதுவினைஞரின் கண்ணை நம்பிய காலம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை இவ்வொரு செய்தியே உணர்த்தும்.

இனி, சோதனையைச் சிக்கனமாக நடத்துவது எவ்வாறு? அச்சகத்திலிருந்து மணித்தியாலத்திற்கு ஆயிரக்கணக்கில் வெளிவரும் பொதித்தாள்கள் அனைத்திலும் பத்து ஓட்டம் செலுத்துதல் ஆகாத காரியம். சாதாரண வாசிப்புக் கருவியை வைத்து ‘வாசிக்கின்றது’ எனக் கண்டு அமைதல் எளியது. ஆனால் அது பொய்யான அமைதி. திறன்மிக்க கருவி கெட்ட குறியையும் வாசித்துவிடும். அதே குறி வேறொரு நாட்டின் பழைய கருவியில் தவறும். வாசித்தல் வேறு, அளத்தல் வேறு. அளத்தலின் பயன் தீர்ப்பிலன்றிக் காரணங்காட்டலிலேயே உள்ளது. வேறுபாடு குறைந்தால் மையையோ தாளையோ நோக்கவேண்டும்; மெல்லிய இடைவெளிகள் தாழ்ந்தால் மை பரவியுள்ளது; புள்ளிகள் மிகுந்தால் அச்சுத்தகடு அழுக்கடைந்துள்ளது. இவை திடீரெனக் கெடுவனவல்ல. சிறிது சிறிதாகச் சரிவன. ஆதலின் ஓட்டத்தின் தொடக்கத்திலும், சுருளின் முதலிலும் முடிவிலும், இயந்திரம் நின்று மீண்ட ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரியை முழுமையாக அளந்து, 3.5 என்பது 3 ஆகி 2.6 ஆகும் சரிவைக் கவனித்து, எல்லையைத் தொடுமுன் இயந்திரத்தைத் திருத்துவதே மிகச் சிக்கனமான முறையாகும். இடைப்பட்டவற்றுக்கு வாசிப்புக் கருவி போதும். தரகர் ஒரு கரண்டித் தேயிலையைக் கொண்டு ஒரு தொகுதியை மதிப்பதும் இதனை ஒத்ததே. ஆனால் அளக்கும் கருவியையே அளவறிந்த மாதிரி அட்டையினால் இடையிடையே சரிபார்த்தல் இன்றியமையாதது. தோட்டத்திற் கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றியும் கூடைக்கெனக் கழித்த நிறையைப் பற்றியும் எழுந்த நெடுங்கால மனக்குறைகளை அறிந்தோர்க்கு, அளவுகோலைச் சோதித்தல் எத்துணை இன்றியமையாதது என்பதைக் கூறவேண்டியதில்லை.

செலவு எவரைச் சாரும் என்னும் வினா இவ்விடத்து மீண்டும் எழுகின்றது. தேயிலையைத் தொகையாக ஏற்றுமதி செய்யும்வரை கடைக்குரிய குறி தேவையில்லை. இறக்குமதி செய்து பொதியிடுவோர் அதனைப் பார்த்துக்கொண்டனர். இலங்கையிலேயே பொதியிட்டு, கண்டித் தேயிலை என்னும் பெயருடன் விற்க முற்படும்போது பெயருடன் பொறுப்பும் வந்து சேர்கின்றது. வாசிக்க முடியாத குறியுடைய சரக்கைப் பெரும் அங்காடிகள் மறுப்பதுண்டு. அன்றி அதற்கெனப் பணம் கழிப்பதுமுண்டு. அங்காடியின் தீர்ப்புக்கு மறுமொழி கூற, அச்சிட்ட நாளிலேயே அளந்த தரச் சான்று கையில் இருத்தல் வேண்டும். சோதனைக் கருவியோ விலை மிகுந்தது. சிறு பொதியாளர் அதனை வாங்குவதிலும், அச்சகத்துடன் செய்யும் ஒப்பந்தத்தில் இன்ன தரத்திற்குக் குறையாத குறியென எழுதிக்கொள்வது அவர்க்கு எளிது. நியமம் எண்ணாக அமைந்ததன் பயன்களுள் இது தலையாயது. ‘நன்றாயிருக்கிறது’ என்பதை ஒப்பந்தத்தில் எழுத இயலாது, 1.5 என்பதை எழுதலாம்.

அண்மைக் காலத்திற் கோடுகளை விடுத்துச் சதுரக் கட்டங்களாலான குறிக்கு உலக வணிகம் நகர்ந்து வருகின்றது. 1994இல் யப்பானில் உருவான கியூ.ஆர். குறி அவ்வகையது. 2027ஆம் ஆண்டின் முடிவுக்குள் கடைக் கருவிகள் இத்தகைய குறிகளையும் வாசிக்கத்தக்கனவாதல் வேண்டுமென அனைத்துலக எண் அமைப்பு இலக்கு வைத்துள்ளது. இவ்வகைக் குறியில் ஒரு பகுதி சிதைந்தாலும் எஞ்சியதிலிருந்து இழந்ததைக் கணித்துப் பெறும் ஏற்பாடு உண்டு; அதன் மிக உயர்ந்த படியில் ஏறக்குறைய 30 விழுக்காடு வரை மீட்கலாம். பெட்டியின் மறைந்த எழுத்தைத் தம் அறிவால் நிரப்பிய எழுதுவினைஞர் இயந்திரத்தினுள் மீண்டும் வந்தமர்ந்துள்ளார் எனலாம். அவர் உதவியால் வாசிப்பு நிகழும்வரை பழுது வெளித்தோன்றாது. உதவி தீர்ந்ததும் குறி முற்றாகத் தவறும். ஆகவே இக்குறிகளுக்கான நியமத்தில் ஒரு புதிய அளவை சேர்க்கப்பட்டுள்ளது. வாசிப்பதற்கு அவ்வுதவியில் எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு இன்னும் எஞ்சியுள்ளது என்பதைச் சோதனைக் கருவி கணித்து அதற்கும் 4 முதல் 0 வரை தரமிடுகின்றது.